எடுத்த கையால் வர வேண்டிய சங்கு

பெட்டிகள் சுற்றி வரும் பட்டையில் என் பெட்டி ஆடி ஆடி வந்தது. அதன் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. தப்புக் கணக்குக்கு வாத்தியார் போடுவாரே, அதே குறி. எக்ஸ்ரேயில் எதையோ பார்த்துவிட்டார்கள், வெளியே போவதற்கு முன் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நமக்கெங்கே வரப்போகிறது என்று அப்போது நினைத்தேன்.

எனக்குப் பயம் வரவில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஹூஸ்டனில் ஏறி, நடுவில் ஏதோ ஒரு ஊரில் இறங்கிக் காத்துக்கிடந்து, மறுபடி ஏறி, உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. காது அடைத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே நம் ஊர் வெயில் தெரிந்தது. காலை வெயிலா, மதிய வெயிலா என்று எனக்கே நிச்சயமில்லை. பெட்டியைத் தூக்க முடியாமல் இழுத்துக் கீழே தள்ளினேன். உள்ளே இருக்கும் சங்கு உடைந்து தொலைந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அளவுக்கு அது என்னைப் படுத்தி எடுத்திருந்தது.

அந்தச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், என் கணவரின் நாற்காலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. அவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் ஸ்டேஷனில் நகர ஆரம்பித்துவிட்ட மின்சார ரயிலில் ஓடி ஏறிப் பழகிய ஆள். கடைக்குக் கூடப் போனால், அவரோடு நடக்க எனக்கு மூச்சு வாங்கும். போன வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்து, ஹாலில் டிவிக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி.

நடந்தால் தையல் விட்டுப்போய்விடுமோ என்று பயம். பயம் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். வெயிலாக இருக்கிறது என்பார், மழை வந்தால் தெருவெல்லாம் தண்ணீர் என்பார், இரண்டும் இல்லாத நாளில் நாய்த் தொல்லை என்பார். டிவியில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சவரம் செய்துகொள்ள நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். கற்சிலையிடம் சண்டை போட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அந்த நேரம் பார்த்து ஹூஸ்டனில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆக, ஒரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள், இன்னொரு பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கணவர். நடுவில் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் இத்தனை வருஷம் டைப் அடித்துவிட்டு, ஓய்வு பெற்றால் மதியம் ஒரு தூக்கம் போடலாம் என்று கனவு கண்டவள்.

போகச் சொன்னது அவர்தான். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீ பாட்டுக்குப் போய்ட்டு வா. எனக்கு நடுவுல சங்கு ஊதிட்டா ஃபோன் வரும். அப்ப வந்துக்கலாம்."

எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் சங்கு என்ற வார்த்தைக்கு அந்த ஒரு அர்த்தம்தான். தும்மினால் சங்கு, படியில் கால் இடறினால் சங்கு, மாத்திரை கசந்தால் சங்கு. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வரும். 

எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். என்னைவிடச் சின்னவர். தினமும் ஸ்கூல் போகும்போதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் அண்ணனை ஒரு எட்டுப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் அக்கா என்றார். சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் சொல்லிவைத்தேன். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாக்களில் பிரித்து வைத்தேன். கிளம்பும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரைகூட வரவில்லை. கையை மட்டும் தூக்கினார்.

ஹூஸ்டனில் பேத்தி பிறந்தாள். அங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் என்ன வேலை இருக்குமோ அதுதான். பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளியல், இரண்டு பேருக்கும் துணி. வேலைக்காரி கிடையாது, பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, சன்னலுக்கு வெளியே மனித நடமாட்டமே கிடையாது. தினமும் அங்கே விடிந்ததும், இங்கே விளக்கு வைக்கும் நேரத்துக்கு, அவரை வீடியோவில் கூப்பிடுவேன். சாப்பிட்டீர்களா என்றால் ம். மாத்திரை போட்டீர்களா என்றால் ம். நடந்தீர்களா என்றால் பதிலே இருக்காது. குழந்தையைக் காட்டினால் மட்டும் கொஞ்சம் உதடு அசையும். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்காது. ஃபோனை வைக்கவும் மனம் வராது.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். காரில் ஒரு மணி நேரம். குழந்தைக்குத் தொப்பி போட்டு, துணி போர்த்தி, மகள் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஈர மணலில் நடந்தபோது காலில் ஒரு சங்கு இடறியது. உள்ளே உயிர் இல்லை, வெறும் கூடு. நம் ஊர் சங்குபோல வெள்ளையாக வழவழவென்று இல்லை. பழுப்புக் கோடுகளோடு, தோள்பட்டையில் முண்டு முண்டாக, வால் நீண்டு ஒரு மாதிரியாக இருந்தது. அங்கிருந்து கொண்டுவர வேறு ஒன்றும் இல்லை என்பதால் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வீடியோவில் பேச்சு வற்றிப்போன நேரத்தில், காட்ட வேறு ஒன்றும் இல்லாமல் அதை எடுத்துக் காட்டினேன். சங்கு என்றே ஓயாமல் புலம்புகிறாரே, இந்தாங்க சங்கு என்ற எரிச்சலும் இருந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நீண்ட வால் முனையை மேலே வைத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நம் ஊரில் சாதாரணச் சங்கை அப்படிப் பிடித்தால் அதன் வாய் இடது பக்கம் திறந்திருக்கும். இதற்கு வலது பக்கம் திறந்திருந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவருக்கு உறைத்தது.

"ஏய், இது வலம்புரி" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

ஃபோனில் அவர் முகம் மேலே போய், வேட்டி முடிச்சும், பின்னால் காலி நாற்காலியும் தெரிந்தன. அந்தக் காலி நாற்காலியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். லட்சத்தில் ஒன்றுதான் வலம்புரியாக இருக்கும், அது இருக்கும் வீட்டில் லட்சுமி இருப்பாள், நோய் நொடி அண்டாது என்று அவர் பாட்டுக்குப் பேசினார். அத்தனை வார்த்தைகளை அவர் வாயிலிருந்து கேட்டு வருஷமாகியிருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. பூஜை அலமாரியைத் துடைத்தாராம். சங்கு வைக்கப் பித்தளைத் தட்டு வாங்க மெயின் ரோடுவரை நடந்தே போய் வந்தாராம். மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போய், சங்கை வீட்டில் எப்படி வைப்பது என்று குருக்களைக் கேட்டாராம். அவர் மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். எதிர் வீட்டு டீச்சர் மெசேஜ் அனுப்பியிருந்தார்: அக்கா, அண்ணன் சவரம் பண்ணிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கிறார், நான் ஒரு நிமிடம் யாரோ என்று நினைத்துவிட்டேன். அதைச் சமையலறையில் நின்று மூன்று நான்கு தடவை படித்தேன்.

இந்த நிலையில்தான் மறுபடி கடற்கரைக்குப் போனோம். அங்கே ரோட்டோரம் ஒரு கடை. ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கான பொருள்கள் விற்கிற கடை. பல்லை இளித்துக்கொண்டு பதப்படுத்திய குட்டி முதலைத் தலைகள், பந்துபோல ஊதிய பேத்தை மீனுக்குள் பல்பு வைத்த விளக்கு, சுறாப் பல் கோத்த சங்கிலி. இதையெல்லாம் வீட்டில் வைத்து யார் முழிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பினால், கல்லாவுக்குக் கீழே பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் என் சங்கு. ஒன்று இரண்டல்ல, பக்கெட் பக்கெட்டாக. ஒவ்வொன்றாக எடுத்து வால் முனையை மேலே வைத்துப் பார்த்தேன். அத்தனையும் வலது பக்கம் திறந்திருந்தன. அந்தக் கடலில் அந்தச் சாதிச் சங்கே அப்படித்தானாம். கடைக்காரப் பெண் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அங்கே இடம்புரி கிடைத்தால்தான் அதிசயமாம்.

அன்று வீடியோவில் அதை அவரிடம் சொல்லவில்லை. எழுந்து நின்ற மனிதரை மறுபடி உட்காரவைக்க எனக்குத் தெம்பில்லை.

நான் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க மகள் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று ஆரம்பித்தாள். விசாவை நீட்டிக்க எழுதிப் போடலாம் என்றாள். அவளுக்கும் வேறு வழியில்லை, வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை என் தோளில்தான் தூங்கும். எனக்கு உடம்பு வலியில் எதையும் யோசிக்க முடியவில்லை. இருந்துவிட்டுத்தான் போகலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. அவர்தான் இப்போது எழுந்து நடக்கிறாரே.

அவரிடம் சொன்னேன். அவர் இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "அப்போ சங்கு எப்ப வரும்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் கழித்து, பெண்டாட்டி எப்போது வருவாள் என்று கேட்கத் தோன்றவில்லை, சங்கு எப்போது வரும் என்று கேட்கத் தோன்றுகிறது. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் சென்னைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் சங்கு அடுத்த வாரமே வந்துவிடும் என்று வெடுக்கென்று சொன்னேன்.  அவர் அப்படியெல்லாம் கைமாறி வரக்கூடாது என்றார்.

"எடுத்த கையாலதான் வீட்டுக்குள்ள வரணும். சாஸ்திரம் அப்படி."

இதற்கு மேல் என்ன பேசுவது? மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பேத்தியைவிட ஒரு கிளிஞ்சல் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே கேள்விதான். சங்கை இரண்டு நாள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் கவுச்சி நாற்றம் போகவில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைக்காதே என்று மகள் வெளியே எடுத்துப் போட்டாள். பெட்டியின் எடை கூடிப்போனதால், தெருவில் கொடுக்க வாங்கிய பாதாமையும் சாக்லேட்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சங்கை என் பழைய நைட்டியில் சுற்றி நடுவில் வைத்தேன். கிளம்பும்போது குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகள் விரல் விரலாகப் பிரித்தாள்.

இப்படியாகத்தான் அந்தப் பெருக்கல் குறியோடு சுங்கச் சோதனை மேசைமுன் நின்றேன்.

பெட்டியைத் திறந்தவர் இளைஞர். மரியாதையான பிள்ளை. நைட்டியைப் பிரிப்பதற்கே கூச்சப்பட்டார். சங்கை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டார். சங்கு என்றேன். என்ன சங்கு என்றார். இத்தனை நாளாகத் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்த வார்த்தை, தூக்கக் கலக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. வலம்புரி என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். ஒரு கையால் பிடித்திருந்த பிள்ளை சட்டென்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பின்பு கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஒருவர் நான் தொட்டுக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். நான் வேண்டாம் என்பதற்குள் தொட்டுக் கும்பிட்டார். அரை டிரவுசரோடு நின்ற ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சக்கர நாற்காலியில் இருந்த பாட்டியை அவள் மகன் தள்ளிக்கொண்டே வந்து அவள் கையை எடுத்துச் சங்கின் மேல் வைத்தான். அமெரிக்கக் கடையில் பக்கெட்டில் கிடந்த சாதிக்கு இங்கே சுங்க மேசையில் அர்ச்சனை செய்யாத குறை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் கால் வலித்தது.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு மேலதிகாரி ஒருவர் வந்தார். வலம்புரி என்றால் சும்மா விட முடியாது என்றார். கடல் பிராணி சமாச்சாரம், அதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். மேசையோரத் தட்டில் யாரிடமோ பிடித்துவைத்த ஒரு பாம்புத்தோல் பர்ஸும் ஒரு குட்டி முதலைத் தலையும் இருந்தன. கடையில் பார்த்த அதே முதலை, அதே இளிப்பு. ஆக, வாங்க ஆள் இருந்திருக்கிறது.

டாக்டர் ஒரு பெண். என்னைப் போலவே தூங்காத முகம். சங்கை விளக்கில் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், சட்டென்று விலக்கினார். உள்ளே திருகலில் காய்ந்த சதை இன்னும் ஒட்டியிருக்கிறது, அந்த நாட்டிலிருந்து இந்த மாதிரிப் பொருளைக் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடக்கூடாது என்று எனக்குப் புரியும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நான் எழுந்து நின்றேன். சுற்றிலும் அந்த அம்மாளும், செருப்பைக் கழற்றிய பெரியவரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மேடம், இது வலம்புரியே இல்லை. அந்தக் கடல்ல எல்லாமே இப்படித்தான் இருக்கும். கடையில பக்கெட்டுல கொட்டி விக்கறாங்க. இது எனக்கு வேண்டாம். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி நாற்காலியே கதின்னு கிடந்தாரு. இது வருதுன்னுதான் எழுந்து நடக்கறாரு. இல்லைன்னு சொன்னா மறுபடி உக்காந்துடுவாரு."

அந்த இளைஞர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அந்த அம்மாள் என்னை ஏதோ ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மட்டும் அங்கேயே நின்றார்.

"புரியுதும்மா. எங்கப்பாவும் அப்படித்தான் உக்காந்திருக்காரு. ஆனா இதை நான் விட முடியாதும்மா."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சங்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அழித்துவிடுவோம் என்றார். அதை முதலைத் தலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நைட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதை மடிக்காமல் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டாக்ஸி டிரைவர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, ஃபாரின்லேர்ந்து வர்றவங்க மூஞ்சி இப்டியா கீது? பேஜாராயிட்ட மாதிரி" என்றார். ஆமாம் என்றேன்.  பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகராமல் நகர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு விதமாக யோசித்தேன். உடைந்துவிட்டது என்றால் அபசகுனம் என்று படுத்துக்கொள்வார். பிடுங்கிக்கொண்டார்கள் என்றால் நமக்கு எதுவும் கொடுத்துவைக்கவில்லை என்பார். தாம்பரத்தில் பூஜைச் சாமான் கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி வேறு சங்கு ஒன்று வாங்கிப் போகலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வீடியோவில் அவர் அதைக் கோடு கோடாகப் பார்த்து வைத்திருந்தாரே. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

கேட்டைத் திறந்துகொண்டு அவரே தெருவுக்கு வந்தார். மழுங்கச் சவரம், நெற்றியில் விபூதி, சட்டை இஸ்திரி போட்டது. ஆள் இளைத்திருந்தார், ஆனால் நிமிர்ந்திருந்தார். பெட்டியைத் தூக்கக் குனிந்தார். நெஞ்சைத் திறந்த மனுஷன் பெட்டி தூக்குகிறாரா என்று கத்தினேன். வந்ததும் வராததுமாக அதுதான் என் முதல் பேச்சு. எதிர் வீட்டில் டீச்சர் மாடியிலிருந்து கையை ஆட்டினார்.

உள்ளே பூஜை அலமாரி பளிச்சென்று இருந்தது. பித்தளைத் தட்டில் பச்சரிசி பரப்பி, நடுவில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டைச் சதுரமாக மடித்து வைத்திருந்தார்.  அவர் சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். தூங்கினாயா, கால் வீங்கியிருக்கிறதே, குழந்தை தேடுமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சங்கைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்பார், கேட்பார் என்று காத்திருந்து காப்பி ஆறிப்போயிற்று.

நானே சொன்னேன். ஏர்போர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள், அனுமதி வேண்டுமாம், எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். சொல்லிவிட்டு அந்த நாற்காலியைத்தான் பார்த்தேன். இப்போது போய் உட்காருவார் என்று.

அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"போனா போவுது. அது வலம்புரி இல்லை. அந்தக் கடல்ல எல்லாச் சங்கும் அப்படித்தானாம். நீ காட்டின அன்னிக்கே ஃபோன்ல தேடிப் பாத்துட்டேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் பக்கெட்டைப் பார்த்ததை இவருக்காக மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். இவர் எனக்கும் முன்னாலேயே தெரிந்துகொண்டு தட்டும் பட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பாதாமைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தக் கவுச்சியைச் சுமந்ததும், ஊரார் முன்னால் ஏமாற்றுக்காரியாக நின்றதும், குழந்தையின் விரலைப் பிரித்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எடுத்த கையால்தான் வர வேண்டும் என்று சொன்னீர்களே, அது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"சாஸ்திரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நானாச் சொன்னது. நீ அதை யார்கிட்டயோ குடுத்தனுப்பறேன்னு சொன்னியே."

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியா?"

 மகள் இருக்கச் சொன்னபோது வாய்வரை வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். இவர்தான் நடக்கிறாரே என்று நினைத்ததும் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் தெரிந்துவிடும்போல. கோபம் இருந்த இடத்திலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அப்படியானால் இந்த அரிசியும் பட்டும் எதற்கு என்று கேட்டேன். நீ அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தால் வைக்க இடம் வேண்டாமா என்றார். வைத்திருப்பாராம், தினமும் பூப்போட்டுக் கும்பிட்டிருப்பாராம், கடைசிவரை என்னிடம் சொல்லியிருக்கமாட்டாராம்.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மறுபடி எப்போது வருவாய் அம்மா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். பின்னால் நின்றிருந்த அவரும் பார்க்கலாம் என்றார். குழந்தையின் அழுகை ஃபோனை வைத்த பிறகும் காதில் இருந்தது.

தட்டிலிருந்த அரிசியை எடுத்துக் களைந்து குக்கரில் வைத்தேன். அவர் பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். கால் வலிக்கும், போய் உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.